புழுவுக்குச் சுற்றிப்போட்ட உப்பு

எமர்ஜென்சியை எடுத்துவிட்டார்கள் என்று டீக்கடை ரேடியோவில் சொன்ன அன்றைக்கு நான் மரக்காணம் கடைத்தெருவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கேரியரில் இரண்டு பக்கமும் தண்ணீர் கேன். ஊரே ரேடியோவுக்குக் காது கொடுத்தது. எனக்கு ஒரு கேனின் மூடி இறுகாமல் தண்ணீர் சொட்டுகிறதே என்ற கவலை. அதற்கு அடுத்து வந்த மாசியில்தான் நான் சொல்லப்போகும் கூட்டம் நடந்தது. வருஷத்துக்கு நம்பர் போட எனக்குத் தெரியாது. படித்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், காலேஜில் நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற மகேந்திரன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். தட்டைப்புழுவைப் பற்றியும் ஸ்டெம் செல்லைப் பற்றியும் காலேஜில் பெரிய கூட்டம் போடப்போகிறார்களாம். வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்களாம்.

"ஏழுமலை ஐயா, மொதல் கூட்டத்த நீங்கதான் பாத்தீங்களாமே? சொல்லுங்க, நான் ஃபோன்ல புடிச்சிக்கறேன். அப்பறமா எழுத்தாக்கிடறேன்" என்றான்.

"நான் பள்ளிக்கூடம் போகாத ஆளுடா. எக்குத்தப்பா பேசுவன்."

"அத நான் சரி பண்ணிக்கறேங்க. நீங்க பேசுங்க."

பேசுகிறேன். சுற்றி வளைத்துத்தான் பேசுவேன். அதைச் சரிபண்ண அவனாலும் முடியாது.

எங்கள் வீட்டில் எல்லோரும் உப்பளத்துக் கூலிகள். பாத்தியில் உப்பு வாருவது, கூடையில் அள்ளி வரப்பில் குவிப்பது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வேலை. ஒரு நாள் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு ஒரு அம்மா வரப்பு மேலேயே நடந்து வந்தார். கறுப்புக் கண்ணாடிச் சட்டம், கைத்தறிப் புடவை, காலில் ரப்பர் செருப்பு. "இங்க யாருக்கு சைக்கிள்ல தண்ணி தளும்பாம கொண்டாரத் தெரியும்?" என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். எனக்கு உத்தியோகம் கிடைத்தது அப்படித்தான்.

அவரை டாக்டர் என்று சொன்னார்கள். ஊர் ஜனம் காய்ச்சல், கட்டி, வயிற்றுப்போக்கு என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. "நான் புழுவுக்கு டாக்டருங்க" என்றார். "அப்பிடின்னா புள்ளைக்கு வயித்துல பூச்சி இருக்குது, பாருங்க" என்று ஒருத்தி விடாமல் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து டாக்டரம்மா மேஜையில் ஒரு டப்பா மாத்திரையும் இருந்தது.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்பு வியாபாரி ஒருவரின் பழைய ஓட்டு வீட்டை காலேஜ் வாடகைக்குப் பிடித்திருந்தது. நண்டு, இறால் ஆராய்ச்சிக்கு என்று எடுத்தார்கள். வந்தவர்கள் கொசுக்கடி தாங்காமல் ஒவ்வொருவராக ஓடிவிட்டார்கள். டாக்டரம்மா புழுவுக்குக் காலேஜுக்குள் ஒரு மூலை கேட்டாராம். "மரக்காணத்து வீடு சும்மாதான கெடக்குது, அங்க வெச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டார்களாம். இதில் வேடிக்கை என்னவென்றால் அது நல்ல தண்ணீர்ப் புழு. உப்புப் பட்டால் செத்துவிடும். சுற்றிலும் உப்பளம், கிணற்றில் உப்பு, வீசுகிற காற்றில் உப்பு. நடுவில் நல்ல தண்ணீர்ப் புழு. கூனிமேட்டிலிருந்து எங்களுக்கு ஐஸ் கொடுக்கிற மீன் வியாபாரி காதர் பாய் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். "யா அல்லா, ஏழுமலை! அந்த அம்மாவுக்கு வேற ஊரே கெடைக்கலியா?"

புழு என்றதும் மண்புழு மாதிரி நினைக்காதீர்கள். நகத்துணுக்கு நீளம்தான் இருக்கும். பழுப்பு நிறம், தட்டையான உடம்பு, முக்கோணத் தலை. தலைமேல் இரண்டு கண், மாறுகண் போட்டமாதிரி. பார்த்தால் சிரிப்பு வரும். வானூர்ப் பக்கம் ஏரி மதகுக்குக் கீழே கல்லுக்கடியில் இருக்கும். ஆட்டு ஈரலில் ஒரு துண்டை நூலில் கட்டித் தண்ணீரில் விட்டுவிட்டு ஒரு பீடி குடித்துவிட்டு வந்தால் ஈரல் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும்.

வளர்ப்பதற்கு டாக்டரம்மா வைத்த சட்டம் கடுமையானது. சோப்புப் போட்ட கையைக் கிண்ணத்துப் பக்கம் கொண்டுபோகக்கூடாது. தூக்குவதென்றால் படம் வரைகிற மெல்லிய பிரஷ்தான். தினமும் கிண்ணத்தின் உள்பக்கம் விரலால் தடவி வழவழப்பை எடுக்க வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் பட்டினி போட வேண்டும், தின்றதை வெட்டினால் அழுகிவிடும். பாய் கொடுத்த ஐஸ் மேல் கண்ணாடித் தகட்டை வைத்து, குளிரில் புழு அசையாமல் நீண்டு கிடக்கும்போது புது பிளேடால் ஒரே அழுத்து. இழுத்து அறுக்கக்கூடாது. தலை தனி, வால் தனி. ஒரு வாரத்தில் தலைக்கு வால் முளைக்கும், வாலுக்குத் தலை முளைக்கும், இரண்டு புழுவாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர்ச் சட்டம். உள்ளே தள்ளி இருக்கிற ஊர் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து நான் கொண்டுவரும் தண்ணீரைத் தாழ்வாரத்து மூலையில் பெரிய மண்தொட்டியில் ஊற்றி, வெள்ளைத் துணி கட்டி வைக்க வேண்டும். அது தெளிந்த பிறகுதான் புழுவுக்கு. அந்தத் தொட்டியில் யாரும் ஒரு வாய் குடிக்கக்கூடாது, கை அலம்பக்கூடாது. தாகத்தில் செத்தாலும் தொடக்கூடாது.

டாக்டரம்மா யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். அதிகக் கோபம் என்றால் அதிக நேரம் துடைப்பார். நாங்கள் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத்தான் பார்ப்போம்.

நாங்கள் என்றால் நானும் இருசம்மாவும். இருசம்மா சமையல், பெருக்குதல் எல்லாம். அவளும் உப்பளத்திலிருந்து வந்தவள்தான். வாய் ஓயாது. புழுக்களைப் 'புள்ளைங்க' என்றுதான் சொல்வாள். பட்டினி வாரத்தில் என்னோடு சண்டைக்கு வருவாள். "டேய் ஏழுமல, ஒன்ன ஒரு வாரம் பட்டினி போட்டா தெரியும்டா!"

இனிமேல்தான் விஷயம்.

வெட்டின இடத்தில் தலை முளைக்கும் என்பது அந்தப் படிப்பாளிகளுக்கெல்லாம் ஏற்கனவே தெரியும். முளைக்க வைப்பது யார் என்பதில்தான் சண்டை. டாக்டரம்மா எனக்கு விளங்கும்படி கேட்டார்.

"ஏழுமலை, பாத்தி வரப்பு ஒடஞ்சிட்டா யாரு அடைப்பாங்க?"

"கத்துனா அளத்துல இருக்கறவங்க எல்லாம் ஓடியாருவாங்கம்மா."

"அப்படித்தான் நான் சொல்றேன். இந்தப் புழு உடம்பு பூரா சின்னச் சின்ன அணு ஒரு வேலையும் இல்லாம காத்துட்டு இருக்கு. எங்க வெட்டு விழுந்தாலும் அங்க ஓடும். மெட்ராஸ்ல ஒரு புரொபசர் இல்லேங்கறார். யாரும் எங்கேருந்தும் ஓடி வர்றதில்ல, ஒடஞ்ச எடத்துல நிக்கறவங்களே தங்க வேலையப் போட்டுட்டு அடைச்சுக்கறாங்கங்கறார்."

எனக்கு இரண்டும் சரியாகத்தான் பட்டது. அளத்தில் இரண்டும் நடக்கும். ஆனால் அதை நான் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் சம்பளம் வாங்குகிறேன்.

இதைத் தீர்ப்பதற்கு எக்ஸ்ரே. அதிகமாக எக்ஸ்ரே காட்டினால், பட்ட இடத்தில் இருக்கிற எந்த அணுவாலும் புதுசாக எதையும் கட்ட முடியாதாம். அதனால் மூன்று தினுசுக் கிண்ணம் வைத்தார். முதல் தினுசுக்கு எக்ஸ்ரே கிடையாது. இரண்டாவதற்கு உடம்பு முழுக்க எக்ஸ்ரே. மூன்றாவதுதான் முக்கியம். வால் பக்கத்தை ஈயத் தகட்டால் மூடிவிட்டு முன்பக்கம் மட்டும் எக்ஸ்ரே. பிறகு எல்லாவற்றுக்கும் தலையை வெட்டிவிட வேண்டும். மெட்ராஸ் புரொபசர் சொல்வது சரியென்றால் மூன்றாவது கிண்ணத்தில் தலை முளைக்காது, முன்பக்கத்து ஆட்களால்தான் எதுவும் கட்ட முடியாதே. டாக்டரம்மா சொல்வது சரியென்றால் வாலில் மூடி வைத்த ஆட்கள் அங்கிருந்து நடந்து வந்து தலை கட்டுவார்கள். லேட்டாக வரும், ஆனால் வரும்.

எக்ஸ்ரேவுக்கு மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நான்தான் புழுவை பஸ்ஸில் கொண்டுபோனேன். மடியில் ஐஸ் டப்பா.

"இன்னாய்யா அது, மீனா? எறங்கு எறங்கு" என்றார் கண்டக்டர்.

"மீன் இல்லீங்க, புழு."

"புழுவா? யோவ், மீனே தேவல!"

பின் படிக்கட்டுக்கிட்டே நின்றுகொண்டே போய் வந்தேன்.

அந்த மாசியில்தான் டாக்டரம்மா இந்த வேலை செய்கிறவர்களையெல்லாம் மரக்காணத்துக்குக் கூப்பிட்டார். காலேஜில் ஏற்கனவே சொல்லிவிட்டார்கள். அந்த மெட்ராஸ் புரொபசர் நேரில் பார்த்து, வேலை உருப்படியானது என்று எழுதிக் கொடுத்தால் அந்த வீடு இருக்கும். இல்லாவிட்டால் காலி. டாக்டரம்மா பாடம் நடத்தப் போக வேண்டியதுதான். நானும் இருசம்மாவும் மறுபடி கூடையைத் தூக்க வேண்டியதுதான். எனக்கு அப்போதுதான் கல்யாணம் பேசியிருந்தார்கள், 'காலேஜ் உத்தியோகம்' என்று சொல்லி.

வந்தவர்கள் ஒரு வேன் நிறைய இருந்தார்கள். நடுவில் மெட்ராஸ் புரொபசர். வழுக்கை, பெரிய உடம்பு, இடி மாதிரி குரல், தோளில் சொந்த பிளாஸ்க். இறங்கியதும் முதல் கேள்வி, "காபி உண்டா?" உப்பளத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மீன பாலைவனத்துல வளக்கற மாதிரி இருக்கே!" என்று சிரித்தார். டாக்டரம்மாவும் சிரித்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அன்றைக்கு முழுக்கக் கிண்ணம் பார்ப்பதுதான் வேலை. ஒவ்வொருவராக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஆகா, அடடா என்றார்கள். மூன்றாவது கிண்ணத்துக்கு வந்ததும் மெட்ராஸ் புரொபசர் ரொம்ப நேரம் பார்த்தார். "தலையக் காணுமே!" என்றார். "இன்னும் நாள் இருக்குங்க" என்றார் டாக்டரம்மா. "கூட்டம் முடியறதுக்குள்ள வந்தாச் சரி. காபிய குடிச்சிட்டு சண்டை போடுவோம்." சாயந்திரம் வரை இங்கிலீஷில் அடித்துக்கொண்டார்கள். வாசலில் நின்று கேட்டேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒருத்தரும் ஒருத்தரைக் கெட்ட வார்த்தை சொல்லவில்லை என்று மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை தண்ணீர் மாற்றினேன். எப்போதும்போல் தொட்டியிலிருந்து மொண்டு கிண்ணத்துக்குக் கிண்ணம் ஊற்றிவிட்டு, இட்லி தின்னப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் புழுவெல்லாம் சுருண்டு கிடக்கிறது. சிலது வெள்ளையாகக் கரைய ஆரம்பித்துவிட்டது.

"அம்மா!" என்று கத்தினேன்.

டாக்டரம்மா ஓடிவந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். நேராகத் தொட்டிக்குப் போய் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"ஏழுமலை, இதக் குடிச்சிப் பாரு."

குடித்தேன். "நல்ல தண்ணிதாம்மா."

"இன்னொரு வாய்."

"நல்லாத்தாம்மா இருக்குது."

பின்னாலேயே வந்த மெட்ராஸ் புரொபசர் ஒரு கை அள்ளி வாயில் போட்டார். தூவென்று துப்பினார். "யோவ், கடலக் கரைச்சி வெச்சிருக்கே! நல்ல தண்ணிங்கறியே!" பிறந்ததிலிருந்து உப்பளத்தில் வளர்ந்த நாக்கு எனக்கு. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரே எங்களுக்கு அந்த ருசிதான். அந்த நாக்கை நம்பிப் பிரயோசனமில்லை.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போது சமையற்கட்டிலிருந்து இருசம்மா வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நான்தாம்மா போட்டன்."

"என்ன போட்டீங்க?"

"உப்பும்மா. நேத்து பூரா எவ்ளோ கண்ணு! ஆளாளுக்கு உத்து உத்துப் பாக்கறாங்க, அடடாங்கறாங்க. வெறுங் கண்ணால பாத்தாலே புள்ளைங்களுக்கு ஆவாது. இவங்க கண்ணாடி வெச்சிப் பெருசாக்கிப் பாக்கறாங்க. அப்ப கண்ணேறும் பெருசாத்தான வரும்? அதான் பொழுது சாயறப்ப கிண்ணத்துக்கெல்லாம் சுத்திப்போட்டு, உப்ப அந்தத் தொட்டில கரைச்சன்."

"அந்தத் தொட்டியத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேனே."

"யாரும் குடிக்கக்கூடாத தண்ணின்னுதானம்மா சொன்னீங்க? சுத்திப்போட்ட உப்ப யாரும் குடிக்காத தண்ணிலதானம்மா கரைக்கணும்?"

டாக்டரம்மாவின் கை நின்றுவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எவ்வளவு போட்டீங்க?" என்றார்.

இருசம்மா இரண்டு கையையும் சேர்த்து அள்ளிக் காட்டினாள். மற்ற ஊரில் சுற்றிப்போட ஒரு சிட்டிகை எடுப்பார்கள். எங்கள் ஊரில் உப்புக்குக் கை சுருங்காது.

முதலில் சிரித்தது மெட்ராஸ் புரொபசர்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டென்று நிறுத்திவிட்டார். மூன்றாவது தினுசுக் கிண்ணம் ஒன்றைக் கையில் எடுத்தார். "நல்ல தண்ணி எங்கம்மா?"

நல்ல தண்ணீர் என்றால் விருந்தாளிகள் குடிக்க வைத்திருந்ததுதான். ஊர்த் தண்ணீர் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று முந்தின நாளே காய்ச்சி ஆறவைத்து அண்டாவில் இருந்தது. காய்ச்சின தண்ணீரில் காற்று இருக்காது, புழு மூச்சு முட்டிவிடும் என்றார் டாக்டரம்மா.

"காத்துதான வேணும்? டம்ளரக் கொண்டா!" என்றார் புரொபசர்.

இரண்டு டம்ளரை வாங்கி, கையை மேலே தூக்கி, டீ மாஸ்டர் மாதிரி ஆற்ற ஆரம்பித்தார். அவரைப் பார்த்து அந்த வேன் கூட்டமே ஆளுக்கு இரண்டு டம்ளர் எடுத்துக்கொண்டது. தாழ்வாரம் முழுக்கப் பெரிய பெரிய படிப்பாளிகள் வரிசையாக நின்று வெறும் தண்ணீரை ஆற்றுகிறார்கள். கோட் போட்டவர் ஒருத்தர் பாதியைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டார். நானும் டாக்டரம்மாவும் பிரஷ்ஷால் ஒவ்வொரு புழுவாக எடுத்து, ஆற்றின தண்ணீரில் விட்டோம். அண்டா காலியானதும் புரொபசர் தன் பிளாஸ்க்கில் காபிக்கு வைத்திருந்த தண்ணீரையும் ஆற்றி ஊற்றிவிட்டார்.

"காபி இல்லாமயே இன்னா ஆத்து ஆத்தறாங்க பாரு" என்றாள் இருசம்மா, அழுதுகொண்டே.

"காபியப் பத்திப் பேசாதம்மா" என்றார் புரொபசர். "இன்னிக்கு எனக்குக் காபி கெடையாதுன்னு தெரிஞ்சி போச்சு." நான் சைக்கிளில் போய்த் தண்ணீர் கொண்டுவரும்வரை யாருக்கும் காபி இல்லை.

முழு எக்ஸ்ரே கிண்ணம் போய்விட்டது. முதல் தினுசில் முக்கால்வாசி பிழைத்தது. மூன்றாவது தினுசில் நிறையக் கிண்ணம் வைத்திருந்தோம். ஒரே ஒரு கிண்ணம்தான் மிஞ்சியது, அதிலும் நாலைந்து துண்டு, சோர்ந்துபோய். டாக்டரம்மா அன்று கூட்டத்தில் எழுந்து நடந்ததை மறைக்காமல் சொன்னாராம். இருசம்மாவின் பெயரை எடுக்கவில்லை. 'எங்க தொட்டில உப்பு விழுந்துடுச்சு' என்றாராம்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையும் மாலையும் அந்தக் கிண்ணத்தைப் போய்ப் பார்ப்பேன். எனக்கு முன்னால் புரொபசர் நின்றுகொண்டிருப்பார்.

"இன்னும் வரலியாய்யா உங்க ஆளுங்க?"

"வருவாங்க சார். வால்லேருந்து நடந்து வரணுமில்ல?"

"ஓகோ! நீயும் அவங்க கட்சியா?"

கூட்டத்தின் கடைசி நாள். வேன் வாசலில் நிற்கிறது, பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. புரொபசர் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று உள்ளே போனார். போனவர் வரவில்லை. டாக்டரம்மா போனார், நான் போனேன். மைக்ராஸ்கோப்பைவிட்டுத் தலையை எடுக்காமல், "ஏம்மா, ரெண்டு புள்ளி தெரியறாப்ல இருக்கே" என்றார் மெதுவாக. அவ்வளவு மெதுவாக அவர் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

டாக்டரம்மா பார்த்தார். நகர்ந்து நின்று என்னைப் பார்க்கச் சொன்னார். வெட்டின முனையில் வெள்ளையாக ஒரு சின்ன மொட்டு. அதில் கறுப்பாக, ஊசி குத்தின மாதிரி இரண்டு கண். மாறுகண்ணேதான்.

புரொபசர் வாசலுக்கு வந்து, "இருசம்மா! வாம்மா, வந்து பாரு!" என்று கூப்பிட்டார்.

"என் கண்ணு வேணாங்க சாமி!"

"நீதான் உப்பப் போட்டே, நீதான் பாக்கணும்."

அவள் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வந்தாள், பாதிக் கண்ணேறுதான் விழட்டும் என்று. மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. சரியாகப் பார்த்துவிட்டாள். "அய்ய, முழிக்குது!" என்று கத்தினாள்.

டாக்டரம்மா புரொபசரைப் பார்த்து, "இப்ப என்ன சொல்றீங்க?" என்றார்.

"இப்பவும் ஒத்துக்க மாட்டேன்" என்றார் அவர். "ஒரு கிண்ணம் பத்தாது. அதுவும் உப்பு பட்ட கிண்ணம். இத முதல்லேருந்து திருப்பிச் செய்யணும்." அவர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். "திருப்பிச் செய்யணும்னா எடம் வேணும்ல? ஆளு வேணும்ல? அதத்தான் எழுதப்போறேன். நான் தோக்கறதா இருந்தா ஒழுங்காத் தோக்கணும்மா."

நின்றவாக்கிலேயே வேன் பானெட் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். டாக்டரம்மா அதற்குள் எக்ஸ்ரே படாத புழு ஒன்றை எடுத்து, ஐஸ் இல்லாமலேயே பிளேடால் ஒரே அழுத்தில் இரண்டாக்கி, வால் துண்டை அவருடைய பிளாஸ்க்கில் போட்டுக் கொடுத்தார். "மெட்ராஸ்ல வெச்சி நீங்களும் பாருங்க." மற்றவர்களும் கேட்டார்கள். இருசம்மா வீட்டிலிருந்த ஊறுகாய்ப் பாட்டில் எல்லாவற்றையும் கழுவிக் கொடுத்தாள். நான் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்த பிறகுதான் புழுவை விட்டேன்.

வீடு காலியாகவில்லை. நான் அந்த ஆனியில் கல்யாணம் பண்ணிக்கொண்டேன். வேலை திரும்பத் திரும்ப நடந்தது, ஒவ்வொரு தடவையும் தலை லேட்டாக வந்தது. மெட்ராஸ் புரொபசர் ஒத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வருஷா வருஷம் மாசியில் வந்தார், சண்டை போட்டார், காபி குடித்தார்.

மகேந்திரா, இப்போது நீ தினமும் தண்ணீர் மாற்றுகிறாயே, அந்தக் கிண்ணங்களில் இருப்பது அதே புழுதான். குட்டி போட்டு வந்ததில்லை, வெட்டி வெட்டி வந்தது. உடம்பு ஒன்றுதான். நானும் இருசம்மாவும் பார்த்த அந்த உடம்பு. உங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்கள் அந்த ஓடுகிற அணுவைப் பற்றி நிறையப் பேசுவார்கள். அதெல்லாம் அவர்களுக்குத் தெரியும், நாம் சொல்ல வேண்டியதில்லை. காபி நேரத்தில் யாராவது தனியாக நின்றால் இதை மட்டும் சொல்லிவிடு: அன்றைக்கு அந்த அம்மா தப்பென்று நிரூபிக்க வந்த ஆள்தான் அந்த அம்மா புழுவுக்கு முதல் டம்ளர் தண்ணீர் ஆற்றினார். கேட்டவரை இன்னொருத்தரிடம் சொல்லச் சொல்.